எங்கள் வீட்டு உதவாக்கரை

அந்த ஊரில் யாரும் தன் பேரப்பிள்ளையைத் தானே புகழ்ந்ததில்லை. புகழ்வது அடுத்தவர் வேலை. தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றி யாராவது விசாரித்தால், மூக்குக்கு முன்னால் கையை விசிறிபோல ஆட்டி, "ஐயோ, அது ஒன்னுக்கும் உதவாதுங்க" என்று சொல்ல வேண்டும். கேட்டவர் உடனே, "என்ன இப்படிச் சொல்றீங்க, எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை" என்று மறுக்க வேண்டும். மறுத்த கையோடு தன் வீட்டுப் பிள்ளையை அதைவிட ஒரு படி கீழே இறக்கிக் காட்ட வேண்டும். இப்படி மாறி மாறி இறக்கிக்கொண்டே போனால் ஒரு காலைப் பொழுது இதமாகக் கழிந்துவிடும்.

இதற்குத் தோதான இடம், பாலத்தடியில் இருந்த எலும்பு வைத்தியரின் கிளினிக். முழங்காலோ இடுப்போ கழுத்தோ தேய்ந்துபோனவர்கள் எல்லோரும் கதவு திறப்பதற்கு முன்பே வந்து நிற்பார்கள். திறந்ததும் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, கிளினிக்கின் பழுப்பு நிறச் செருப்பை மாட்டிக்கொண்டு, மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். வைத்தியரைப் பார்ப்பது எப்போதாவதுதான். மற்ற நாளெல்லாம் மின்சார ஒத்தடமும் கழுத்தை மேலே இழுக்கும் இயந்திரமும். அந்த இயந்திரங்கள் சுவரைப் பார்த்தபடி வரிசையாக இருந்தன. தாடைக்கு அடியில் வாரைக் கொடுத்து மாட்டிவிட்டால் தலையைத் திருப்ப முடியாது. ஆனால் பேசலாம். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாலும் பேச்சு பேச்சுதானே.

"எங்க மூத்த பேரன் இருக்கானே, மருத்துவக் கல்லூரியில சேர்ந்துட்டு, பத்து மணிக்கு முன்னால எந்திரிக்க மாட்டேங்கிறான். அவன்கிட்ட வைத்தியம் பாத்துக்கப் போறவங்க கதியை நினைச்சாலே பகீர்ங்குது" என்பார் ஷிரகாவா அம்மா. ஊர் மாதர் சங்கத்தை வெகுகாலம் கட்டி ஆண்டவர் அவர். மருத்துவக் கல்லூரி என்ற சொல் எல்லோர் காதிலும் போய் உட்கார்ந்துவிடும். அவன் எழுந்திருக்காதது யாருக்கு வேண்டும்?

தொகுஜி இந்த ஆட்டத்தில் பெரிய கை. மர அறுவை ஆலையில் உழைத்து ஓய்ந்தவர். கழுத்து அங்கேதான் போயிற்று. அவருக்கு இருந்தது ஒரே பேத்தி, மினோரி. ஒற்றைச் சீட்டை வைத்துக்கொண்டு எல்லோரையும் ஜெயிப்பவர் என்று பெயர் வாங்கியிருந்தார். "எங்க வீட்டு உதவாக்கரை நேத்து என்ன பண்ணுச்சு தெரியுமா? என் பல்செட்டை எடுத்து மீன் தொட்டியில போட்டுடுச்சு. மீனுக்குப் பல் இல்லையாம், பாவமாம்." அடுப்பைச் சுற்றி இருந்தவர்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். பிறகு ஒரே குரலில், "என்ன ஒரு இளகின மனசு!" என்பார்கள். தொகுஜி கையை ஆட்டி மறுப்பார். உள்ளுக்குள் பூரித்துப்போவார்.

சென்ற வருஷம் பிப்ரவரியில் மினோரிக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறியது. இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

சாவு வீட்டில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கறுப்பு உடையில் குடும்பம் வரிசையாக நின்றது. மகன் கசுயுகி, அவன் பக்கத்தில் மருமகள் சனாயே, பிறகு தொகுஜி, கடைசியில் அவர் மனைவி ஃபுசாயே. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து வணங்கிப் போனார்கள். ஷிரகாவா அம்மா தொகுஜியின் முன்னால் வந்து நின்று, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"எவ்வளவு நல்ல பிள்ளை. எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை."

தொகுஜியின் கை தானாக மேலே வந்தது. மூக்குக்கு முன்னால் விசிறியாக ஆடியது.

"ஐயோ, இல்லீங்க. அது ஒன்னுக்கும் உதவாத பிள்ளைங்க."

ஆயுள் முழுக்கப் பழகிய வாய். மூளையைக் கேட்டுக்கொண்டா அது பேசும்? சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. ஷிரகாவா அம்மா ஓரடி பின்னால் போனார். வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். சனாயே மட்டும் தலையைத் தூக்கி மாமனாரை நேராகப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"மன்னிப்புக் கேட்டுடுங்கப்பா" என்று கசுயுகி சொன்னான். "வாய் தவறிடுச்சுன்னு சொல்லுங்க, போதும்."

கேட்டுவிடுவதாகத்தான் அவரும் இருந்தார். அந்த வாரம் முழுவதும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஊதுவத்தி ஏற்றினார்கள். மினோரியின் படத்தைப் பார்த்தார்கள். நல்ல பிள்ளை, தங்கமான பிள்ளை, நல்லவர்களைத்தான் மேலே சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். கேட்கக் கேட்கத் தொகுஜிக்கு வயிறு எரிந்தது. நல்ல பிள்ளை என்பது அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வது. சொந்தப் பிள்ளையை யாராவது நல்ல பிள்ளை என்பார்களா? இத்தனை பேரும் சேர்ந்துகொண்டு அவளை அடுத்த வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னும் இந்த வீட்டுப் பிள்ளைதான் என்று அந்தச் சாவு வீட்டில் சொன்ன ஒரே வாய் தன்னுடையது என்று அவருக்குப் பட்டது. பட்ட பிறகு மன்னிப்புக் கேட்க நா எழவில்லை.

"ஒரு வார்த்தைதானே" என்று ஃபுசாயே கெஞ்சினாள். "தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை."

"தப்பாப் பேசலையே."

"நாலு பேர் மனசைச் சங்கடப்படுத்துறது தப்பு இல்லையா?"

"சங்கடப்படட்டும்."

ஃபுசாயே எழுந்தாள். சோற்றுப் பானையில் முதல் கரண்டியை எடுத்துப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

கிளினிக்கில் அதன் பிறகு அவரை யாரும் கேட்கவில்லை. மரியாதையாகத்தான் கேட்காமல் இருந்தார்கள். அவர் உள்ளே நுழைந்ததும் பேரப்பிள்ளைப் பேச்சு அடுப்புத் திரியை இறக்கியதுபோல அடங்கிவிடும். யாராவது ஒருவர் ஜன்னலைப் பார்ப்பார். "இந்த வருஷம் பனி சீக்கிரமே வந்துடும்போல." இன்னொருவர், "மலை உச்சி வெளுத்துடுச்சே" என்பார். கோடையில் வெயில், மழைக்காலத்தில் மழை. யாராவது வாய்தவறி "எங்க பையன்" என்று தொடங்கினால் ஷிரகாவா அம்மா இருமுவார். அந்த இருமலுக்குத் தொகுஜியின் கழுத்து ஒவ்வொரு முறையும் வலித்தது. இயந்திரத்தில் மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்போது, முதுகுக்குப் பின்னால் அவர்கள் குரலைத் தாழ்த்தி, பள்ளி விளையாட்டு விழாவைப் பற்றிப் பேசுவது கேட்கும். அவர் வாரை அவிழ்த்துக்கொண்டு திரும்பினால், பனி.

இலையுதிர் காலத்தின் கடைசியில் உசாமி அம்மா வந்து சேர்ந்தார். தெற்கே ஒசாகா நகரத்துக்காரர். இடுப்பு உடைந்து, கழுத்தும் தேய்ந்து, மகன் வீட்டோடு இருக்க வந்தவர். பேச்சில் இந்த வடக்கு ஊர்களின் அடக்கம் கிடையாது. வாய் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். வந்த முதல் வாரத்திலேயே எல்லோர் பெயரும் நோயும் அவருக்குத் தெரிந்துவிட்டன. ஒரு நாள் தொகுஜியின் பக்கத்து இயந்திரத்தில் அவரை மாட்டிவிட்டுப் போனாள் நர்ஸ் பெண். வார் இறுகி முகம் சுவரைப் பார்த்த நிலையில் உசாமி அம்மா கேட்டார்:

"ஆமா, உங்களுக்குப் பேரன் பேத்தி எத்தனை?"

பின்னால் அடுப்பைச் சுற்றி மூச்சு நின்றது. ஷிரகாவா அம்மா இருமினார். உசாமி அம்மாவுக்கு இருமல் பாஷை இன்னும் பிடிபடவில்லை.

யாரும் கேட்காமல் கழிந்த நாளெல்லாம் அந்தக் கேள்விக்குள் வந்து குவிந்ததுபோல இருந்தது. தொகுஜி மடியிலிருந்து கையை எடுத்தார். ஆட்டினார்.

"ஒன்னே ஒன்னு. பேத்தி. ஒன்னுக்கும் உதவாதுங்க."

"எத்தனாங் கிளாஸ்?"

"நாலு" என்றார் தொகுஜி. கணக்கு சரிதான். இருந்தால் நாலாம் வகுப்பு. "ஒன்பதாம் வாய்ப்பாடு இன்னும் வரலை. ஒன்பது நாலு கேட்டா, பசிக்குதுங்கும்."

"அட, என்ன இப்படிச் சொல்றீங்க! பசிக்கிற பிள்ளைதான் வளர்ற பிள்ளை. எங்க வீட்ல இருக்கே ஒரு தடியன், அவனுக்கு வாய்ப்பாடும் வரலை, பசியும் எடுக்கலை. நாள் பூரா அந்த விளையாட்டுப் பெட்டியோட மூஞ்சியை ஒட்டிக்கிட்டுக் கிடக்கிறான்."

"என்ன இப்படிச் சொல்றீங்க" என்றார் தொகுஜி. "இந்தக் காலத்துக்கு வேண்டிய மூளை."

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பாலத்தின் மேல் நின்று, தண்ணீரைப் பார்த்து உரக்கச் சிரித்தார். சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

அதன் பிறகு உசாமி அம்மாவின் பக்கத்து இயந்திரத்துக்காகவே அவர் காத்திருந்தார். ஒரு நாள் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டத் தெரியாமல் மினோரி வேலியோடு போய் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் குடைமிளகாயைத் தின்னாமல் சூப்புக் கிண்ணத்தின் மூடிக்கு அடியில் ஒளித்தது. சீட்டாட்டத்தில் திருட்டுத்தனம் பண்ணுவது. உசாமி அம்மா சிரிக்கச் சிரிக்க இயந்திரத்தின் சங்கிலி கலகலத்தது. அடுப்பு இருந்த பக்கம் மட்டும் கல்லாகிக் கிடந்தது.

ஒரு புதன்கிழமை மாலை கசுயுகி தொலைபேசியில் பேசினான். ஃபுசாயேதான் எடுத்தாள். நெடுநேரம் "ம்", "ஆமா", "அப்படியா" என்று குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டாள். வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"ஷிரகாவா அம்மா நம்ம பையன்கிட்டச் சொல்லியிருக்காங்க. நீங்க மினோரி உசிரோட இருக்கிற மாதிரி பேசுறீங்களாம். தலையில ஏதாவது ஆகிப்போச்சோன்னு பயப்படுறாங்க. நாளைக்கு டவுன் ஆஸ்பத்திரியில மூளைப் பரிசோதனையாம். சனாயே வந்து கிளினிக்லயிருந்து உங்களைக் கூட்டிட்டுப் போவாளாம்."

தொகுஜி சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"சனாயேவா? சனாயே வர்றாளா?"

"அவளாவே கேட்டு வர்றாளாம். நாளைக்காவது நல்ல வார்த்தை பேசுங்க. அவ கேக்கணும்னு காத்துட்டிருக்கிறது ஒரே வார்த்தை. உங்க வாயில முள்ளா இருக்கு?"

"எனக்குத் தலை நல்லாத்தான் இருக்கு. அவ செத்துப்போனது எனக்குத் தெரியாதா? தினமும் காலையில அவளுக்குச் சோறு வெச்சுட்டுத்தானே நீ எனக்குப் போடுறே?"

"அப்ப ஏன் அப்படிப் பேசுறீங்க?"

"கேட்டாங்க. சொன்னேன்."

ஃபுசாயே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் வழக்கத்தைவிட நெடுநேரம் கேட்டது.

மறுநாள் காலை முதல் பனி விழுந்திருந்தது. கிளினிக்கில் நுழைந்தபோதே ஏதோ நடந்திருக்கிறது என்று தொகுஜிக்குத் தெரிந்துவிட்டது. உசாமி அம்மா அடுப்பருகே ஷிரகாவா அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். தொகுஜியைப் பார்த்ததும் குனிந்து வணங்கினார். தேவைக்குமேல் குனிந்தார்.

நர்ஸ் பெண் இருவரையும் வழக்கம்போல அடுத்தடுத்த இயந்திரத்தில் மாட்டினாள். வார் இறுகியது. முன்னால் சுவர். சுவரில் முதுகெலும்பின் படம்.

தொகுஜி காத்திருந்தார்.

"பனி விழுந்துடுச்சு" என்றார் உசாமி அம்மா.

தொகுஜிக்குப் புரிந்துவிட்டது. சொல்லிவிட்டார்கள். இவரையும் வளைத்துவிட்டார்கள்.

"உசாமி அம்மா. என் பேத்தியைக் கேக்கலையே இன்னிக்கு."

"நீங்க மன்னிக்கணும். எனக்குத் தெரியாமப் போச்சு. வாய் இருக்குன்னு நான் பாட்டுக்குக் கேட்டுட்டேன். அவ்வளவு நல்ல பிள்ளையாமே, கேட்டதுல இருந்து எனக்கு..."

"யாரு சொன்னது நல்ல பிள்ளைன்னு?"

இயந்திரம் இழுத்தது, தளர்ந்தது. பின்னால் ஷிரகாவா அம்மா இருமினார்.

"இருமாதீங்க!" சுவரைப் பார்த்தபடியே தொகுஜி கத்தினார். அந்தக் கிளினிக்கில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. "சளி பிடிச்சிருந்தா வைத்தியர்கிட்டக் காட்டுங்க. உள்ளதான் இருக்காரு."

"தொகுஜி ஐயா, உங்க நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கினார் ஷிரகாவா அம்மா. "உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் நாங்க எல்லாரும் இத்தனை நாளா..."

"இத்தனை நாளாப் பனியைப் பத்திப் பேசினீங்க. தெரியும். எனக்குப் பனியைப் பத்தித் தெரிய வேண்டியதெல்லாம் தெரிஞ்சுபோச்சு. உங்க பேரன் எந்திரிச்சானா இல்லையான்னு யாரும் எனக்குச் சொல்லலை. நான் வந்தா வாயை மூடிக்கிறீங்க. நான் என்ன தொத்து வியாதியா?"

"ஐயோ, அப்படி இல்லீங்க."

"நான் பைத்தியமும் இல்லை. அவ செத்துட்டா. எனக்குத் தெரியும். பெட்டிக்குள்ள அவ பக்கத்துல பூ வெச்சது இந்தக் கைதான். செத்துட்டா அவ எனக்குப் பேத்தி இல்லாமப் போயிடுவாளா? உங்க எல்லார் வீட்டுப் பிள்ளையும் உதவாக்கரை, என் வீட்டுப் பிள்ளை மட்டும் தங்கமா? எதுக்கு என் பிள்ளையைப் பிரிச்சு வெக்கிறீங்க? எனக்குத் தங்கம் வேண்டாம். பல்செட்டை மீன் தொட்டியில போட்டவதான் எனக்கு வேணும். அவளைத் திட்ட எனக்கு உரிமை இருக்கு. கேளுங்க உசாமி அம்மா. நேத்து மாதிரியே கேளுங்க. கேக்கலைன்னா நான் இந்த வாரைக் கழட்டிட்டு, கழுத்து தேஞ்சு விழுந்தாலும் பரவாயில்லைன்னு இந்தப் படியை மிதிக்கவே மாட்டேன்."

சங்கிலி ஒரு முறை மேலே போய்க் கீழே வந்தது. கதவில் கட்டியிருந்த மணி ஒலித்தது. வெளிக்குளிர் தரையோடு வந்து தொகுஜியின் கணுக்காலைத் தொட்டது. யாரோ காலணியைக் கழற்றுகிறார்கள். அவரால் திரும்ப முடியவில்லை. திரும்பிப் பார்க்கும் நிலையிலும் அவர் இல்லை.

உசாமி அம்மா மூக்கை உறிஞ்சினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருமுனை வரை கேட்கும் தன் பழைய குரலில் கேட்டார்:

"ஏங்க, உங்க பேத்தி எப்படி இருக்கா? வாய்ப்பாடு வந்துச்சா?"

"எங்க வருது! அது ஒன்னுக்கும் உதவாதுங்க. ஒன்பதாம் வாய்ப்பாடு இனிமே வரவே வராது. எதிர்த்துப் பேசுறது மட்டும் நல்லா வரும். ஒரு இடத்துல உக்காராது. வாங்கிக் குடுத்த ஒற்றைச் சக்கர சைக்கிள் இன்னும் எங்க வீட்டுக் கொட்டகையில கிடக்கு. ஒரு நாள்கூட ஒழுங்கா ஓட்டினதில்லை. குடைமிளகாயைக் கண்டா..."

"மூடிக்கு அடியில இல்லை."

குரல் பின்னாலிருந்து வந்தது. தொகுஜியின் கை காற்றில் அப்படியே நின்றது. அந்தக் குரலை அவர் கடைசியாகக் கேட்டது சாவு வீட்டில்.

"மூடிக்கு அடியில ஒளிச்சது உங்க வீட்லதான் மாமா. எங்க வீட்ல என் செருப்புக்குள்ள போடுவா. காலை விட்டா சளசளன்னு இருக்கும்."

தொகுஜி கையை மெல்ல இறக்கினார்.

"சனாயே" என்றார் தொகுஜி சுவரைப் பார்த்து. "நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

"நான் கேட்டேனா?"

"கசுயுகி சொன்னான்."

"அவர் சொல்வாரு. சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்." பழுப்புச் செருப்புகள் தரையில் தேய்ந்து அருகில் வந்தன. "அன்னிக்கு நான் உங்களை ஏன் அப்படிப் பாத்தேன்னு நினைக்கிறீங்க?"

"நான் அவளைத் திட்டினதுக்கு."

"நீங்க மட்டும் திட்டினதுக்கு." சனாயேவின் குரல் உடையவில்லை. இரும்புபோல இருந்தது. "அவளைப் பெத்தவ நான். அவளைத் திட்ட முதல் உரிமை எனக்கு. வர்றவங்க எல்லாரும் நல்ல பிள்ளை நல்ல பிள்ளைன்னாங்க, நான் குனிஞ்சு குனிஞ்சு நன்றி சொல்லிட்டிருந்தேன். நன்றியாம். யாரோ என் குடையை எடுத்துக் குடுத்த மாதிரி. நீங்க ஒரு ஆள், வாயைத் திறந்து டக்குனு சொல்லிட்டீங்க. நானும் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரலை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகலை. இன்னிக்கும் போகலை. அவளைப் பத்தி நீங்க இங்க உக்காந்து தினமும் திட்டிட்டிருக்கீங்கன்னு நேத்துத்தான் தெரிஞ்சுது. என்னைக் கூப்பிடணும்னு தோணலை இல்ல?"

தொகுஜிக்குத் தலையைக் குனிய வேண்டும்போல இருந்தது. இயந்திரம் விடவில்லை. தாடையை மேலே தூக்கிப் பிடித்தது.

"அதோட நீங்க சொல்றதுல பாதி பொய்" என்றாள் சனாயே. "ஒன்பதாம் வாய்ப்பாடு மட்டுமா வரலை? ஏழும் வரலை. எட்டும் வரலை. டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாங்க. நான் போய்த் தலை குனிஞ்சு நின்னேன். வெளிய வந்தா, வாசல்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அம்மா, உனக்கும் திட்டு விழுந்துச்சா'ன்னு கேக்குறா. அப்படி ஒரு பிள்ளை."

அவள் திரும்பி நின்றாள் என்று செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. இப்போது அடுப்பைப் பார்த்து, எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்:

"எங்க மினோரி ஒன்னுக்கும் உதவாதுங்க."

முறைப்படி இப்போது யாராவது பதில் சொல்ல வேண்டும். ஒருவர் தன் வீட்டுப் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டால் அதை அப்படியே தரையில் போட்டுவிட்டுப் போக முடியாது. எதிரில் இருப்பவர் குனிந்து எடுத்துத் தர வேண்டும். அது தெரியாத கிழம் அந்த ஊரில் இல்லை. தொகுஜி முதுகால் காத்திருந்தார். அடுப்பின் மேல் கெட்டில் கொதித்தது.

"என்ன... என்ன இப்படிச் சொல்றீங்க."

ஷிரகாவா அம்மா. மூச்சுத் திணறுவதுபோல வந்தது குரல். யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆயுள் முழுக்கப் பழகிய வாய்.

"அம்மாவுக்குத் திட்டு விழுந்துச்சான்னு கேக்குற பிள்ளைக்கு வாய்ப்பாடு எதுக்குங்க? எங்க வீட்ல ஒருத்தன் இருக்கான். வாய்ப்பாடெல்லாம் தலைகீழாச் சொல்லுவான். நான் இடுப்பு வலியில முனகினா, 'பாட்டி, டிவி கேக்கலை'ங்கிறான். டாக்டராகப் போறானாம்! இந்த வருஷம் ரெண்டு பாடத்துல கோட்டை விட்டுட்டான். யார்கிட்டயும் சொல்லலை நான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உசாமி அம்மாவின் சங்கிலி கலகலத்தது.

நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. இயந்திரம் நின்றது. நர்ஸ் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து தொகுஜியின் வாரை அவிழ்த்தாள். அவர் மெல்லத் திரும்பினார். சனாயே இளைத்திருந்தாள். தலையில் விழுந்த பனி உருகி நெற்றியில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சிரிக்கவில்லை. கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு தைரியம் வந்தது.

"ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு மாமா" என்றாள். "நூறுலயிருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொல்லுவாங்களாம்."

"எனக்கு ஏழு வராது."

"தெரியும். அவ உங்களை மாதிரிதான்."

"அவங்க காத்திருக்கட்டும்" என்றார் தொகுஜி. பெஞ்சியில் நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். சனாயே கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

ஷிரகாவா அம்மா கெட்டிலை எடுத்து இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றினார். கொஞ்சம் அடுப்பின் மேல் சிந்திச் சுர்ரென்றது. கோப்பையை நீட்டியவர், கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினார். இருமல் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"மினோரிக்கு... பாட்டாவது நல்லா வருமே? பள்ளி விழாவில பாடினப்ப நான் கேட்டிருக்கேன். எவ்வளவு இனிமையான குரல்."

கிழவரின் கையும் மருமகளின் கையும் ஒரே நேரத்தில் மேலே எழுந்தன. இரண்டு விசிறிகளாக மூக்குக்கு முன்னால் ஆடின.

"ஐயோ, இல்லீங்க" என்றார்கள் இருவரும்.